பாராமெடிக்கா, நர்சிங்கா? சம்பளம், வேலைவாய்ப்பு: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 – பாலக்கோடு மாமன்

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், பயாலஜி குரூப். மார்க் சுமாருக்கு மேல், டாக்டருக்குக் கீழ். பையனுக்கு ஆம்புலன்ஸ், விபத்து, அவசர சிகிச்சை என்றால் அப்படி ஒரு ஆர்வம். பி.எஸ்சி ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி என்று ஒரு படிப்பைக் காட்டுகிறான். அக்கா, நர்சிங் படி என்கிறார். அக்கா வீட்டுக்காரர், ஆம்பளப் பையன் நர்சிங் படிப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

தக்காளி விலையை நம்பி நாலு வருடம் ஃபீஸ் கட்டப்போகிற வீடு. அதனால் கேட்கிறேன். இரண்டிலும் கைக்கு எவ்வளவு வரும்? படித்து முடித்தால் வேலை இருக்கிறதா? ‘சேவை மனப்பான்மை’ என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், அது பையனிடம் நிறைய இருக்கிறது.

#2 – மாங்கூழ்

எதைப் படித்தாலும் கடைசியில் ஓசூர் பஸ்ஸில் நிற்கப் போகிறான். உட்கார்ந்து போக எது படிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

#3 – தொப்பூர் வளைவு

நான் 108இல் மருத்துவ உதவியாளர். எங்களை இ.எம்.டி. என்பார்கள், ஓட்டுநரைப் பைலட் என்பார்கள்.

சேவை 2008இல் தொடங்கியது. அரசுத் திட்டம்தான், ஆனால் வண்டியை நடத்துவது ஒப்பந்த நிறுவனம். ஆகவே நாங்கள் அரசு ஊழியர் இல்லை. இதை முதலில் உங்கள் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் வண்டிமேல் தமிழ்நாடு அரசு என்று எழுதியிருந்தால் பென்ஷன் உண்டு என்று நினைத்துப் பெண் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சம்பளம்: 2023 வாக்கில் வந்த ஆள் எடுப்பு அறிவிப்புகளில் இ.எம்.டி.க்கு 15 ஆயிரத்து 400 சொச்சம் போட்டிருந்தார்கள். 2025இல் வந்தவற்றில் 21 ஆயிரத்துக்கு மேல். பைலட்டுக்கு அதைவிட 200 ரூபாய்தான் குறைவு. ஷிப்ட் 12 மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி வரும். எட்டு மணி நேரமாக்கக் கேட்டுச் சங்கங்கள் போராடுவது பேப்பரில் அடிக்கடி வரும், பார்த்திருப்பீர்கள்.

முக்கியமான விஷயம் தகுதி. பி.எஸ்சி நர்சிங், பட்டத்துக்குக் கீழான நர்சிங் படிப்புகளான ஜி.என்.எம்., ஏ.என்.எம்., லேப் டிப்ளமோவான டி.எம்.எல்.டி., டி.பார்ம், பி.பார்ம் மட்டுமல்ல, விலங்கியல், தாவரவியல், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, நேர்முகம், பிறகு 50 நாள் பயிற்சி. நானே விலங்கியல்தான். தர்மபுரி கலைக்கல்லூரியில் மூன்று வருடம், மொத்தமாகக் கட்டிய ஃபீசைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் 50 நாளில் ஏறிய அதே வண்டிக்கு உங்கள் பையன் நாலு வருடம் படித்து வருவான். சம்பளப் பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே வரி.

#4 – பாலக்கோடு மாமன்

இது தெரியாதே! அந்தப் படிப்புக்கென்று தனி இடம் ஒன்றும் கிடையாதா?

#5 – இரவுப்பணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ். நர்சிங் என்றதும் எல்லாரும் அரசு வேலை, முழுச் சம்பளம் என்று கற்பனை செய்வார்கள். அதைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன்.

அரசு மருத்துவப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. 2015இல் ஒரு தேர்வு நடத்தி 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம், அதாவது படிகள் இல்லாத மொத்த மாதச் சம்பளம், 7,700 ரூபாய். ஆமாம், ஏழாயிரத்து எழுநூறு. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகு 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது. கொரோனா நேரத்தில் எடுத்தவர்களில் 2,300 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கைதட்டினார்கள், பூப்போட்டார்கள், அவ்வளவுதான்.

நிரந்தரம் கிடைத்தவர்கள் கதை வேறு. காலமுறை ஊதியம், அகவிலைப்படி, மகப்பேறு விடுப்பு எல்லாம் உண்டு. எத்தனை வருடம் காத்திருப்பது என்பதுதான் கேள்வி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அவ்வப்போது ஒப்பந்த வேலைக்கு அறிவிப்பு விடும். கலெக்டர் ஆபீஸ் இணையதளத்தில் வரும். அந்த ஒரு தாளை எடுத்துப் படியுங்கள். ஸ்டாஃப் நர்ஸ் 18,000. இடைநிலை சுகாதாரப் பணியாளர், அதுவும் நர்சிங் படித்தவர்களுக்குத்தான், 18,000. லேப் டெக்னீஷியன் 13,000. ரேடியோகிராபர் 13,300. ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் 11,200. ஒரே அலுவலகம், ஒரே கையெழுத்து. இத்தனைக்கும் நர்ஸ் பணியிடம்தான் எப்போதும் அதிகமாக இருக்கும், மற்றவை பெரும்பாலும் ஒற்றை இலக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கி வைத்ததே நம் சாமனப்பள்ளியில்தான். அதிலும் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் என்றுதான் பணியிடம் உண்டு. அவசர சிகிச்சை டெக்னாலஜி படித்தவருக்கு அந்த வண்டியில் சீட் இல்லை.

#6 – ஊத்தங்கரை ஓரம்

சும்மா நர்சிங் புராணம் பாடாதீர்கள். என் தங்கை ஜி.என்.எம். முடித்து ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் 11 ஆயிரத்துக்கு நிற்கிறாள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டியூட்டி முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனிக்குப் போன அவள் தோழி, பிளஸ் டூ மட்டும் படித்தவள், பஸ், சாப்பாடு, பி.எஃப். எல்லாம் வாங்கி அதைவிடக் கூடுதலாக எடுக்கிறாள். மூன்று வருடம் படித்ததற்கு என்ன மரியாதை?

#7 – இரவுப்பணி

ஊத்தங்கரை அண்ணா, நீங்கள் சொல்வது பொய்யில்லை. தனியார் மருத்துவமனை நர்ஸ் சம்பளத்துக்காக உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழுவே போட்டது. 2016இல் பரிந்துரை வந்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்கு இணையான சம்பளம். 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பத்து வருடம் ஓடிவிட்டது. நம் ஊர் நர்சிங் ஹோம்களில் பாதிக்கு மேல் 50 படுக்கைக்குக் கீழ்தான். அங்கே போய் இதைச் சொன்னால் டீ கொடுத்து அனுப்புவார்கள்.

ஆனாலும் உங்கள் தங்கை அந்த இடத்தை விட்டுவிட்டு ஓசூருக்கோ சேலத்துக்கோ போகலாம். நர்சிங் கவுன்சில் பதிவு அவர் கையில் இருக்கிறது. ஒரு வருட அனுபவம் வந்ததும் வெளியே வரச் சொல்லுங்கள். சர்டிபிகேட்டை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், வாயால் கேட்டால் தர மாட்டார்கள்.

#8 – மாங்கூழ்

செல்போன் கம்பெனி என்றதும் நினைவுக்கு வந்தது. சூளகிரிப் பக்கம் ஹாஸ்டல் வாடகை ஏறியதைப் பற்றி ஒரு இழை போடுங்கள் யாராவது.

#9 – கடல் தாண்டி

காவேரிப்பட்டணம். இப்போது இங்கிலாந்தில் நர்ஸ். வெளிநாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்குப்படி பதிவு பெற்ற நர்சின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர். பாராமெடிக்குக்கு 53,180. அதற்கு ஒரு படி கீழே இருக்கும் இ.எம்.டி.க்கு 38,930. அதே விபத்து, அதே ரத்தம். அங்கே ஆம்புலன்ஸ் நடத்துவதில் தீயணைப்புத் துறை, தனியார் நிறுவனம், சில ஊர்களில் தன்னார்வலர்கள் என்று பலர் இருக்கிறார்கள். சும்மாவே வர ஆள் இருக்கிற வேலைக்குச் சம்பளம் ஏறாது. இது நம் ஊருக்கும் பொருந்தும்.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. இங்கே பாராமெடிக் ஐந்தாம் பேண்டில் (பேண்ட் என்றால் சம்பளப் படிநிலை) சேர்ந்து, பயிற்சிக் காலம் முடிந்ததும் ஆறாம் பேண்டுக்குப் போய்விடுவார். வார்டு நர்சில் பெரும்பாலோர் ஐந்திலேயே இருக்கிறோம். அதாவது என்னைவிட அவருக்கு அதிகம்! இங்கே அதற்கென்று பட்டப்படிப்பு, பதிவு எல்லாம் கட்டாயம். விலங்கியல் படித்தவர் பாராமெடிக் என்று சொல்லிக்கொண்டு ஏற முடியாது, அந்தப் பெயரே சட்டப்படி காப்பாற்றப்பட்டது. சம்பளம் அங்கேதான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் உங்கள் பையனுக்கு அந்த வழி எளிதில்லை. நர்ஸ் என்றால் வளைகுடாவுக்குப் புரோமெட்ரிக் தேர்வு, இங்கே ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ். நர்சிங் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை என்று போட்டு வைத்த பாதை உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களை அனுப்புகிறது. ஆம்புலன்ஸ் படிப்புக்கு அப்படி ஒரு பாதை இருந்து நம் ஊரிலிருந்து யாரும் போய் நான் பார்த்ததில்லை. இன்னொன்று, இங்கிலாந்தில் இப்போது வெளிநாட்டு நர்ஸ் எடுப்பது நன்றாகக் குறைந்துவிட்டது. லண்டன் போகலாம் என்று விளம்பரம் போடும் கல்லூரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

#10 – அரூர் வாத்தியார்

பிளஸ் டூ பயாலஜி எடுக்கிறவன். வருடா வருடம் இந்தக் கேள்வி வரும், வருடா வருடம் சிலர் ஏமாறுவார்கள்.

மாணவர்கள் ‘பாராமெடிக்கல்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், இதய நோய், மயக்க மருந்து, அவசர சிகிச்சை என்று பத்துப் பதினைந்து படிப்புகள் அடக்கம். ஆம்புலன்ஸ் அதில் ஒரு மூலை. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள பட்டப்படிப்புகளுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்துகிறது. பி.எஸ்சி நர்சிங்கும் அதே விண்ணப்பம்தான். ஆகவே இப்போதே இதுவா அதுவா என்று சண்டை போட வேண்டாம். இரண்டையும் போடுங்கள், தரவரிசை வந்த பிறகு சண்டை போடுங்கள்.

நர்சிங் நாலு வருடம். அவசர சிகிச்சை டெக்னாலஜி மூன்று வருடமும் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப்பும். காலம் ஒன்றுதான். இதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டு மாடியில் நடக்கிற இன்ஸ்டிட்யூட்கள். ஒரு வருடம், எட்டு மாதம், ஒரு வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், குரூப் போட்டோ. ‘மத்திய அரசு பதிவு பெற்றது’ என்று போர்டு இருக்கும். எந்தச் சட்டத்தில் பதிவு என்று கேட்டால் டிரஸ்ட் பதிவைக் காட்டுவார்கள். நர்சிங் என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சில் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற படிப்பென்றால் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழக இணைப்புப் பட்டியல், அல்லது அரசு மருத்துவக் கல்லூரியிலேயே நடக்கும் சான்றிதழ், டிப்ளமோ படிப்பு. போலுப்பள்ளியில் 2022இல் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, தர்மபுரியில் 2008 முதலே இருக்கிறது. நேரில் போய் நோட்டீஸ் போர்டைப் பார்க்க ஒரு பஸ் டிக்கெட்தான் செலவு. என் மாணவி ஒருத்தி அறுபதாயிரம் கட்டி ஒரு லேமினேஷன் வாங்கி வந்தாள். எந்த மருத்துவமனையிலும் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

#11 – கேசுவாலிட்டி தம்பி

எல்லாரும் நர்சிங் பக்கம் சாய்வதால் நான் எதிர்ப்பக்கம். பையன் காட்டிய அதே படிப்பைத்தான் முடித்தேன். பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டெக்னீஷியன்.

108 மட்டுமே வேலை என்று பேசுகிறீர்கள். பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் எங்களை எடுக்கிறார்கள். ட்ரையாஜ் (யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பது), இ.சி.ஜி., மூச்சுக்குழாய் போட டாக்டருக்குக் கைகொடுப்பது, வென்டிலேட்டர் போட்ட நோயாளியை வேறு ஊருக்கு மாற்றுவது எல்லாம் செய்கிறோம். மூன்றாம் வருடம் நர்சிங் பிள்ளைகள் வார்டில் பெட் ஷீட் மாற்றக் கற்றுக்கொள்ளும்போது நாங்கள் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப் பிடித்துக்கொண்டிருந்தோம். (நர்ஸ் அக்காக்கள் கோபிக்க வேண்டாம்.)

2021இல் துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அவசர மருத்துவத் தொழில்நுட்பமும் அதன் பட்டியலில் இருக்கிறது. பதிவேடு முறையாக வந்துவிட்டால், விலங்கியல் படித்தவர் 50 நாளில் ஏறுவது நின்றுபோகலாம். தொப்பூர் அண்ணா மன்னிக்கவும். அன்றைக்கு எங்களுக்கு மதிப்பு.

சம்பளம் கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். சேரும்போது அதே பிரிவு நர்சைவிட எனக்கு இரண்டாயிரம், மூன்றாயிரம் குறைவு. இப்போதும் குறைவுதான்.

#12 – இரவுப்பணி

தம்பி, பெட் ஷீட் மாற்றும்போதுதான் முதுகில் புண் வந்திருப்பது தெரியும். சரி, விடுங்கள்.

நர்சுகளுக்கான சட்டம் நம் மாகாணத்தில் 1926இல் வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947. நூறு வருடம் பதிவேடு இருந்த எங்களுக்கே 7,700 கொடுத்தார்கள். நேற்று வந்த சட்டத்தை நம்பி வீட்டில் கடன் வாங்கச் சொல்லாதீர்கள்.

#13 – தொப்பூர் வளைவு

கேசுவாலிட்டி தம்பி சொல்வதில் எனக்குக் கோபமில்லை. சட்டம் அப்படி வந்தால் வரட்டும். ஆனால் கணக்கு ஒன்று பாருங்கள். மாநிலம் முழுக்க 108 வண்டி 1,300 சொச்சம். ஒரு வண்டிக்கு இரண்டு ஷிப்ட், மாற்று ஆள் என்று மூன்று இ.எம்.டி. வைத்தாலும் நாலாயிரம் பேர். தமிழ்நாடு முழுக்க அவ்வளவுதான் இடம், அதில் காலியாவது கொஞ்சம். எம்.ஆர்.பி. ஒரே தேர்வில் எடுத்த நர்சுகளே அதைவிட அதிகம் என்று மேலே இரவுப்பணி அக்கா எழுதியிருக்கிறார். தனியார் ஆம்புலன்சில் டிரைவர் மட்டும் வருவார், கூட ஆள் வேண்டுமென்றால் அந்த மருத்துவமனை நர்ஸ் ஒருவரை ஏற்றி அனுப்புவார்கள். சுங்கச்சாவடி வண்டிகளும் இருக்கின்றன, ஆனால் பாளையத்தில் ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று என்று விரல்விட்டு எண்ணலாம்.

நர்ஸ் படித்தவர் நாளைக்கே என் வண்டியில் ஏறலாம். நான் நாளைக்கு அவர் வார்டில் நிற்க முடியாது. எனக்கு முப்பத்திரண்டு வயது, இடுப்பு வலி ஆரம்பித்துவிட்டது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் ஸ்ட்ரெச்சரோடு இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டியை விட்டு இறங்கினால் இந்த அனுபவத்தை வேறு எங்கே காட்டுவது என்பதுதான் என் யோசனை. நர்சுக்கு இடுப்பு வலி வந்தால் ஓ.பி.க்கு மாற்றிக் கேட்கலாம், நர்சிங் கல்லூரியில் டியூட்டராகப் போகலாம்.

வேலை பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த இரவில் நானும் பைலட்டும் மட்டும்தான். கன்ட்ரோல் ரூம் டாக்டர் போனில். யாரை முதலில் தூக்குவது என்று நான்தான் முடிவு செய்தேன். அந்த உரிமை வார்டு நர்சுக்குக் கிடைப்பதில்லை. பையனுக்கு அதுதான் இழுக்கிறது என்றால் எனக்குப் புரிகிறது.

#14 – சிப்காட் வாசி

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யாரும் சொல்லாத ஒன்று. 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை செய்தால் ஆம்புலன்ஸ் அறையும் அதில் மருத்துவ, நர்சிங் ஆட்களும் வேண்டும் என்றது; அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் ஆம்புலன்ஸ் அறை உண்டு. ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று இப்போது எத்தனை கம்பெனி வந்துவிட்டது, பாருங்கள். ஷிப்டுக்கு ஒரு ஆண் நர்ஸ் தேடி அலைகிறோம். இரவு ஷிப்டுக்குப் பிரதர்தான் வேண்டும் என்று நிர்வாகம் கேட்கும். சம்பளம் நர்சிங் ஹோமைவிட நன்றாக இருக்கும், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் உண்டு. வேலையில் பாதி நேரம் தலைவலி மாத்திரை, மீதி நேரம் ரெஜிஸ்டர். போரடிக்கும் என்பது ஒன்றுதான் குறை.

இ.எம்.டி. படித்தவர்களும் விண்ணப்பிக்கிறார்கள். எங்கள் ஆபீசில் ‘பதிவு பெற்ற நர்ஸ்’ என்று கட்டம் போட்ட படிவம். கட்டத்தில் டிக் விழவில்லை என்றால் மனித வளத் துறையில் அடுத்த மேசைக்கே போகாது.

#15 – அத்திப்பள்ளி பஸ்

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூர் போகிற நர்ஸ். பொம்மசந்திரா வரைக்கும் போனாலே பெரிய மருத்துவமனைகள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இருபது, இருபத்து மூன்று தருகிறார்கள், ஐ.சி.யு. அனுபவம் வந்தால் ஏறும். நம் ஓசூர்ப் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் கன்னடமும் வாயில் வரும், அதற்கே தனி மரியாதை. கர்நாடகக் கவுன்சிலுக்குப் பதிவை மாற்ற வேண்டும், அந்த அலைச்சல் ஒன்று உண்டு.

மாமாவுக்கு ஒன்று: அவசரப் பிரிவிலும் ஐ.சி.யு.விலும் ஆண் நர்சுக்குத்தான் இப்போது கிராக்கி. ஆம்பளப் பையன் படிப்பதா என்று கேட்கிற அப்பாவை ஒரு நாள் அழைத்து வாருங்கள், எங்கள் யூனிட்டில் எத்தனை பிரதர் என்று எண்ணட்டும்.

#16 – பாலக்கோடு மாமன்

எல்லாருக்கும் நன்றி. முழு இழையையும் பையனிடம் படிக்கக் கொடுத்தேன். இப்போது அவனே எழுதுகிறான்:

‘வணக்கம். தொப்பூர் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு வார்டில் நிற்க விருப்பமில்லை, அது மாறவில்லை. ஆனால் நர்சிங் முடித்துவிட்டு 108க்கு விண்ணப்பிக்கலாம் என்பது தெரியாது. அப்படி வந்தவர்கள் வண்டியில் இருக்கிறார்களா? நாலு வருடம் கழித்து வந்தால் வயது பிரச்சினை வருமா?’

#17 – தொப்பூர் வளைவு

இருக்கிறார்கள் தம்பி. பிரசவ கேஸ் என்றால் நர்சிங் படித்தவர் கை தனியாகத் தெரியும். இருபத்தொன்று, இருபத்திரண்டில் முடிப்பாய், முப்பது வரை நேரம் இருக்கிறது. இரண்டு வருடம் ஓட்டிப் பார். பிடித்தால் இரு, பிடிக்கவில்லை என்றால் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு கிளம்பு.

#18 – கேசுவாலிட்டி தம்பி

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டில் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் இரவுப்பணி அக்கா சொல்வதைக் கேள்.

#19 – அரூர் வாத்தியார்

விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்று, மூன்றையும் இப்போதே இ-சேவையில் போட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் சர்வர் நிற்கும். கல்லூரி வரிசை போடும்போது அரசு இடம் முதலில், அதன் பிறகு சொந்த மருத்துவமனை உள்ள கல்லூரிகள். மருத்துவமனை இல்லாத நர்சிங் கல்லூரியில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு வேனில் ஏற்றி ஊர் ஊராகச் சுற்றுவார்கள். சந்தேகம் இருந்தால் தனிச் செய்தியில் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதில் வராது.